ஒளிக்கு வினைபுரியும் பாலிமர்கள்: நோயாளியை எட்டியவை எவை, எட்டாதவை ஏன்?

முதுகலை வேதியியல் முடிக்கப்போகும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "வெளிச்சம் பட்டால் இறுகும், கரையும், சுருங்கும் பாலிமர்களைப் பற்றி ஆய்வுக்கட்டுரைகள் குவிந்துகிடக்கின்றன. மருந்தைப் பாலிமரில் பொதிந்து உடலுக்குள் வைத்துவிட்டு, வெளியிலிருந்து விளக்கடித்தால் வேண்டிய இடத்தில், வேண்டிய நேரத்தில் மருந்து வெளியேறும் என்கிறார்கள். இவற்றில் ஏதாவது நோயாளிக்குப் பயன்பட்டிருக்கிறதா? முனைவர் பட்டத்துக்கு இந்தத் துறையை எடுக்கலாமா?"

பயன்பட்டிருக்கிறது, அதுவும் கோடிக்கணக்கானவர்களுக்கு. அண்மை ஆண்டுகளில் நீங்கள் சொத்தைப் பல்லுக்கு வெள்ளை அடைப்பு வைத்துக்கொண்டிருந்தால், ஒளியால் இறுகிய பாலிமர் இப்போதும் உங்கள் வாயில் இருக்கிறது. ஆனால் நீங்கள் சொல்லும் அந்தக் கனவு, அதாவது உடலின் ஆழத்தில் கிடக்கும் பாலிமரை வெளியிலிருந்து விளக்கால் இயக்குவது, பெரும்பாலும் எலிகளோடும் ஆய்வுக்கூடத் தட்டுகளோடும் நிற்கிறது. வெளிச்சம் தடையில்லாமல் போய்ச் சேரும் இடங்களில் இந்தப் பாலிமர்கள் வென்றன. பல், கண், அறுவைச் சிகிச்சையில் திறந்துவைத்த உறுப்பு ஆகியவைதான் இதுவரையிலான வெற்றிகளின் முகவரி. என் பதில் முழுவதும் இந்த ஒன்றைச் சுற்றித்தான் போகும். துறையை எடுப்பதா வேண்டாமா என்ற முடிவும் இதில்தான் இருக்கிறது.

ஒளி ஒரு பாலிமரில் செய்யக்கூடிய வேலைகளை முதலில் பார்த்துவிடுவோம். சிறு மூலக்கூறுகளையோ நீண்ட சங்கிலிகளையோ ஒன்றோடொன்று பிணைத்து வலையாக்கலாம். தனித்தனியாகத் தொங்கும் தென்னை ஓலையின் இதழ்கள் முடைந்தபின் கீற்றாகி மழையைத் தாங்குவது போல, குறுக்கிணைப்பு விழுந்தபின் அதே சங்கிலிகள் வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். இதற்கு நேர்மாறாக, ஏற்கெனவே இருக்கும் பிணைப்பை ஒளியால் அறுத்து ஜெல்லைக் கரைக்கலாம். கட்டாமலும் அறுக்காமலும் மூலக்கூறின் வடிவத்தை மட்டும் மடக்கி நிமிர்த்தலாம். ஒளியை வெப்பமாக மாற்றி, அந்த வெப்பத்தால் பாலிமரைச் சுருங்கவைக்கலாம். மின்னூட்டமாக மாற்றி நரம்புச் செல்லைத் தூண்டவும் செய்யலாம். மருத்துவமனைவரை வந்தவற்றில் பெரும்பாலானவை முதல் வகையைச் சேர்ந்தவை. ஒருமுறை ஒளி படும், பாலிமர் இறுகும், பிறகு அப்படியே கிடக்கும். எளிமையான வேலை என்று இதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். பல்லை எடுத்துக்கொண்டால், இதில் எவ்வளவு வேதியியல் இருக்கிறது என்பது புரியும்.

1950களில் பல்லின் நிறத்திலேயே அடைப்பதற்கு அக்ரிலிக் பிசின்கள் பயன்பாட்டில் இருந்தன. இறுகும்போது அவை கணிசமாகச் சுருங்கின. பல்லுக்கும் அடைப்புக்கும் நடுவே விழுந்த இடைவெளியில் கிருமிகள் புகுந்து மறுபடியும் சொத்தை பிடித்தது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் ஆய்வாளராக, நேஷனல் பீரோ ஆஃப் ஸ்டாண்டர்ட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ரஃபேல் போவன், பிஸ்-ஜிஎம்ஏ என்ற பருமனான மூலக்கூறை உருவாக்கி 1962இல் காப்புரிமை பெற்றார். மூலக்கூறு பெரிதானால் அதே எடைக்குள் இணைய வேண்டிய முனைகளின் எண்ணிக்கை குறையும். முனைகள் குறைந்தால் சுருக்கமும் குறையும். அதோடு கண்ணாடி, சிலிக்கா துகள்களையும் கலந்தபோது மெல்லும் விசையைத் தாங்கும் வலு வந்தது. பல் மருத்துவர்கள் இன்று காம்போசிட் என்று சொல்லும் பொருள் அதன் வழித்தோன்றல்தான்.

தொடக்கத்தில் இரண்டு பசைகளைக் கலந்து, அவை தாமாக இறுகுவதற்குள் அவசர அவசரமாக அடைக்க வேண்டியிருந்தது. 1970களின் தொடக்கத்தில் புற ஊதா ஒளியில் இறுகும் வகை வந்ததும் நேரம் மருத்துவரின் கைக்கு வந்தது. பொறுமையாக வடிவமைத்துவிட்டு, திருப்தியான பிறகு விளக்கை அழுத்தினால் போதும். ஆனால் புற ஊதா ஆழமாக இறங்கவில்லை, கண்ணுக்கும் கேடு. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நீல ஒளிக்கு மாறினார்கள். மாற்றத்தைச் சாத்தியமாக்கியது கேம்ஃபர்குயினோன். நாம் சாமிக்கு ஏற்றும் கற்பூரத்தின் மூலக்கூறில் இன்னோர் ஆக்சிஜன் ஏறினால் கிடைக்கும் மஞ்சள் நிறப் பொருள் அது. 468 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளியை நன்றாக உறிஞ்சும். உறிஞ்சிய மூலக்கூறு பக்கத்தில் இருக்கும் அமீனிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறிக்கும். ஹைட்ரஜனை இழந்த அமீன் ராடிக்கலாகி, அதாவது இணையில்லாத எலக்ட்ரானோடு எதனோடும் வினைபுரியத் துடிக்கும் துகளாகி, பிசினின் மெத்தாக்ரிலேட் முனையிலுள்ள இரட்டைப் பிணைப்பைத் திறக்கும். அங்கிருந்து சங்கிலி தானே ஓடும். கேம்ஃபர்குயினோன் எடையில் 1 சதவீதத்துக்கும் குறைவாகவே சேர்க்கப்படுகிறது. கூடுதலாகச் சேர்த்தால் அடைப்பு மஞ்சளடிக்கும், ஒளியும் மேல்பரப்பிலேயே உறிஞ்சப்பட்டுத் தீர்ந்துவிடும்.

அடுத்த முறை பல் மருத்துவரிடம் போனால் அவர் கையைக் கவனியுங்கள். குழியை ஒரே தடவையில் நிரப்ப மாட்டார். வழக்கமான காம்போசிட்டை 2 மில்லிமீட்டர் தடிமனுக்கு வைத்து, நீல ஒளி பாய்ச்சி, அடுத்த அடுக்கை வைப்பார். அதற்குக் கீழே போதிய ஒளி இறங்காது என்பது ஒரு காரணம். இறுகும்போது சுமார் 2 முதல் 3 சதவீதம் சுருங்கும் பொருள் பல்லின் சுவர்களைப் பிடித்து இழுக்காமல் இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. சதுர சென்டிமீட்டருக்கு 1,000 மில்லிவாட் தரும் விளக்கை 20 விநாடி பிடித்தால் 20 ஜூல் ஆற்றல் இறங்குகிறது. விளக்கின் நுனி சற்று விலகினாலோ சாய்ந்தாலோ இந்தக் கணக்கு கெட்டுவிடும். மேல்பகுதி கல்லாக இருக்கும். அடியில் அரைகுறையாக இறுகிய பிசின் தங்கும். நோயாளிக்கு அன்று ஒன்றும் தெரியாது. விளக்குக்கு முன்னால் இருக்கும் ஆரஞ்சு நிறத் தடுப்பு, நீல ஒளி மருத்துவரின் விழித்திரையைத் தாக்காமல் காக்கிறது.

ஒளி பாய்ச்சிய பிறகும் மேல்பரப்பு லேசாகப் பிசுபிசுக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜன் ராடிக்கல்களைப் பிடித்துக்கொள்வதால் அந்த மெல்லிய படலம் மட்டும் இறுகாமல் நிற்கிறது. அடுக்குகளுக்கு நடுவே இது நல்லது, அடுத்த அடுக்கு அதோடு வேதியியல் முறையிலேயே பிணையும். கடைசி அடுக்கில்தான் அதைத் தேய்த்து எடுக்கிறார்கள். இவ்வளவு செய்தும் இரட்டைப் பிணைப்புகளில் ஏறத்தாழ 50 முதல் 70 சதவீதமே வினைபுரிகின்றன. வலை இறுக இறுக, எஞ்சிய முனைகள் ஒன்றையொன்று தேடிப்போக முடியாமல் அங்கங்கே சிக்கிக்கொள்கின்றன. 60 ஆண்டுகள் கடந்தும் சுருக்கமும் முழுமையற்ற இறுக்கமும் தீராத சிக்கல்களாகவே இருக்கின்றன. இந்தத் துறையில் செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அடுத்தது கண். ஒளி உள்ளே போவதற்கென்றே அமைந்த உறுப்பு என்பதால், இந்தப் பாலிமர்களுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

கெரட்டோகோனஸ் என்ற நோயில் கருவிழிப்படலம் மெலிந்து கூம்பாகப் புடைக்கும். பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்கும். கண்ணாடி எண் அடிக்கடி மாறும், உருவங்கள் சிதறித் தெரியும். கண்ணைக் கசக்கும் பழக்கம் உள்ளவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. கருவிழியின் உடல் கொலாஜென், அதாவது இயற்கை தந்த பாலிமர். ஜெர்மனியின் டிரெஸ்டனில் தியோ சைலர், எபர்ஹார்ட் ஸ்போயர்ல், கிரெகோர் வொல்லன்சாக் ஆகியோர் அந்தக் கொலாஜெனையே ஒளியால் குறுக்கிணைக்கும் முறையை உருவாக்கினார்கள். நோயாளிகளில் கிடைத்த முடிவுகளை 2003இல் வெளியிட்டார்கள். மேல்தோலை நீக்கிவிட்டு, 0.1 சதவீத ரிபோஃபிளேவின் கரைசலை, அதாவது நமக்குத் தெரிந்த வைட்டமின் பி2வை, அரைமணி நேரம் சொட்டு சொட்டாக விடுகிறார்கள். பிறகு 370 நானோமீட்டர் புற ஊதாவைச் சதுர சென்டிமீட்டருக்கு 3 மில்லிவாட் அளவில் இன்னோர் அரைமணி நேரம் பாய்ச்சுகிறார்கள். மொத்தம் 5.4 ஜூல். டிரெஸ்டன் நெறிமுறை என்று கண் மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2016இல் அனுமதி கொடுத்தது. கூம்பு மேலும் புடைக்காமல் தடுப்பதே இதன் நோக்கம். இழந்த வடிவத்தை முழுதாக மீட்டுத் தரும் என்று யாரும் வாக்குக் கொடுப்பதில்லை.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது ரிபோஃபிளேவினின் இரட்டை வேலை. ஒளியை உறிஞ்சி, ஆக்சிஜனைத் தூண்டி, கொலாஜென் இழைகளுக்கு நடுவே பிணைப்புகளை உண்டாக்குகிறது. அதே உறிஞ்சுதலால், புற ஊதா பின்னால், கருவிழியின் உட்பரப்பில் ஒரே அடுக்காக இருக்கும் எண்டோதீலியம் செல்களைப் போய்ச் சேராமலும் தடுத்துவிடுகிறது. மனிதரில் அந்தச் செல்கள் இறந்தால் புதிதாக முளைக்காது. ஆகவேதான் கருவிழி 400 மைக்ரான் தடிமனாவது இருக்க வேண்டும் என்ற நிபந்தனை. வினையைத் தூண்டும் பொருளே பாதுகாப்புத் திரையாகவும் நிற்கும் வடிவமைப்பைப் பாருங்கள். புதிய ஒளித்துவக்கி ஒன்றை, அதாவது ஒளியை உறிஞ்சி வினையைத் தொடங்கிவைக்கும் பொருளை, திட்டமிடும் எவரும் இதைப் படித்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

கண்ணில் நடந்த இரண்டாவது கதை இன்னும் துணிச்சலானது. கண்புரை அறுவையில் இயற்கை வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லையை வைக்கிறார்கள். எந்தப் பவர் வில்லை வேண்டும் என்பதை அறுவைக்கு முன்பே அளந்து கணிக்கிறார்கள். காயம் ஆறும்போது வில்லை எங்கே போய் நிலைக்கும் என்பது முன்கூட்டித் துல்லியமாகத் தெரியாததால், கணிப்பு சற்றுத் தவறி மறுபடியும் கண்ணாடி போட வேண்டி வருவது உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் கண் மருத்துவராக இருந்த டேனியல் ஷ்வார்ட்ஸ் இந்தச் சிக்கலைக் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் (கால்டெக்) வேதியியலாளர் ராபர்ட் கிரப்ஸிடம் கொண்டுபோனார். பின்னாளில், 2005இல், வேறொரு கண்டுபிடிப்புக்காக நோபல் பரிசு பெற்ற அதே கிரப்ஸ்தான். வில்லையைக் கண்ணுக்குள் வைத்த பிறகு பவரைத் திருத்த முடியுமா என்பதே கேள்வி.

அவர்கள் செய்தது இதுதான். சிலிக்கோன் வில்லையின் வலைக்குள், ஒளியால் இணையக்கூடிய, ஆனால் எதோடும் பிணையாத சிறு சங்கிலிகளை ஊறவிட்டார்கள். அறுவை முடிந்து சில வாரங்களில் கண் ஆறிய பிறகு பார்வையை அளக்கிறார்கள். பவரைக் கூட்ட வேண்டுமென்றால் வில்லையின் நடுப்பகுதியில் 365 நானோமீட்டர் ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். அங்கே இருந்த சிறு சங்கிலிகள் இணைந்து பெரிதாகிவிடுவதால், தனியாகத் திரிபவற்றின் செறிவு நடுவில் குறைகிறது. செறிவு வேறுபாட்டைச் சமன்செய்ய, ஓரத்தில் இருப்பவை மெல்ல மெல்ல நடுவுக்கு நகர்கின்றன. நடு தடிக்கிறது, வளைவு கூடுகிறது, பவர் ஏறுகிறது. குறைக்க வேண்டுமென்றால் ஓரத்தில் ஒளி. சிதறல் பார்வையைத் திருத்த, ஒரு அச்சை ஒட்டி மட்டும் ஒளி. பார்வை சரியானதும் வில்லை முழுவதும் ஒளி பாய்ச்சி, எஞ்சிய சங்கிலிகள் அனைத்தையும் இணைத்துப் பூட்டிவிடுகிறார்கள். அதன்பின் எந்த ஒளியும் அதை மாற்றாது. அமெரிக்க நிர்வாகம் 2017 நவம்பரில் இதை அனுமதித்தது.

பூட்டும்வரை நோயாளி புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வெயிலிலும் 365 நானோமீட்டர் இருக்கிறது அல்லவா? மருத்துவர் திருத்துவதற்கு முன் சூரியன் திருத்திவிடக் கூடாது. ஒளிக்கு வினைபுரியும் எந்தப் பொருளை வடிவமைத்தாலும் இந்தக் கேள்வி பின்தொடரும்: வேண்டாத ஒளியிலிருந்து அதை எப்படிக் காப்பது? கட்டுரைகளில் இதற்கு ஒரு பத்திகூட ஒதுக்குவதில்லை. மருந்தகத்தில், வார்டில், நோயாளியின் வீட்டு ஜன்னலோரத்தில் முதலில் எழும் கேள்வி இதுவே.

அறுவை அரங்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நுரையீரல் அறுவைக்குப் பின் காற்றுக் கசிவை அடைக்க, பாலிஎத்திலீன் கிளைக்காலை அடிப்படையாகக் கொண்டு ஒளியில் இறுகும் ஃபோகல்சீல் என்ற பொருளுக்கு 2000இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதில் ஒளித்துவக்கி இயோசின் என்ற சாயம். ஜெஃப்ரி ஹப்பல் போன்றவர்கள் 1990களின் தொடக்கத்தில் ஹைட்ரோஜெல்லில், அதாவது நீரைத் தேக்கிவைக்கும் பாலிமர் வலையில், செய்த ஆய்வுகள்தான் அதன் வேர். சந்தையில் அது பரவலாக நிலைக்கவில்லை. பின்னர் ராபர்ட் லாங்கர், ஜெஃப்ரி கார்ப் குழுவினர் கிளிசராலையும் செபாசிக் அமிலத்தையும் கொண்டு, ஈரத்திலும் ரத்தத்திலும் கரைந்துபோகாமல் ஒட்டி, ஒளி பட்டதும் இறுகும் பசையை உருவாக்கினார்கள். துடித்துக்கொண்டிருந்த பன்றி இதயத்தில் சோதித்து 2014இல் வெளியிட்டார்கள். ரத்தக்குழாய்த் தையல்களை அடைப்பதற்கான அதன் வடிவத்துக்கு 2017இல் ஐரோப்பிய ஒப்புதல் கிடைத்தது. திறந்திருக்கும் உறுப்பு, கண்ணெதிரே விளக்கு, ஒரே முறை இறுக்கம் என்ற அதே சூத்திரம் இங்கேயும் வேலை செய்கிறது.

செல் வளர்ப்பிலும் உயிரி அச்சிடலிலும் நீங்கள் கட்டாயம் சந்திக்கப்போவது ஜெல்எம்ஏ. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் 2000ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்ட இது, ஜெலட்டினில் மெத்தாக்ரிலேட் முனைகளைப் பொருத்தியது. நீண்ட காலம் இர்காக்யூர் 2959 என்ற துவக்கியோடு 365 நானோமீட்டரில்தான் இதை இறுக்கினார்கள். அந்தத் துவக்கி அந்த அலைநீளத்தில் ஒளியைச் சரியாக உறிஞ்சுவதே இல்லை, ஆகவே செல்களின் மேல் தேவைக்கு மேல் புற ஊதா கொட்டியது. 2009இல் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபேர்பேங்க்ஸ், கிறிஸ்டி ஆன்செத், போமன் ஆகியோர் எல்ஏபி என்ற லித்தியம் உப்பின் மேன்மையைக் காட்டினார்கள். நீரில் கரையும், 405 நானோமீட்டர் ஊதா ஒளியிலும் வேலை செய்யும். இன்றும் வெறும் பழக்கத்தால் பழைய துவக்கியையே எடுக்கும் ஆய்வகங்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அதே 2009இல் ஆன்செத் குழு எதிர்த்திசையிலும் போனது. ஒளி பட்டால் அறுபடும் ஆர்த்தோ-நைட்ரோபென்சைல் பிணைப்புகளைக் கொண்ட ஜெல்லுக்குள் ஸ்டெம் செல்களை வைத்து, ஒளியால் ஜெல்லை அங்கங்கே அரித்துக் கால்வாய் வெட்டிக் காட்டினார்கள். செல் உயிரோடு இருக்கும்போதே அதன் சுற்றுப்புறத்தின் இறுக்கத்தை நாம் மாற்ற முடியும் என்பது உயிரியலாளர்களுக்குப் புதிய கருவியாக அமைந்தது. ஆய்வுக்கருவி என்ற அளவில் அது மிகப்பெரிய வெற்றி. உடலுக்குள் கொண்டுபோவது வேறு விஷயம். அறுந்தபின் மிஞ்சும் நைட்ரோசோ சேர்மங்கள் சாதுவானவை அல்ல.

இனி உங்கள் கேள்வியின் கடினமான பகுதி. இருட்டறையில் கைப்பேசி விளக்கின் மேல் விரலை அழுத்திப் பாருங்கள். விளக்கு வெள்ளையாக இருந்தாலும் விரல் வழியே வருவது சிவப்பு மட்டுமே. நீலத்தையும் பச்சையையும் ஹீமோகுளோபின் விழுங்கிவிட்டது. தோலில் மெலனினும் சேர்ந்துகொள்ளும். அகச்சிவப்புக்குள் வெகுதூரம் போனால் தண்ணீர் உறிஞ்சத் தொடங்கும். இடையில் ஏறக்குறைய 650 முதல் 950 நானோமீட்டர் வரை ஒரு சாளரம் திறந்திருக்கிறது. அந்த ஒளிகூட நேர்கோட்டில் போகாது. திசுக்களில் மோதிச் சிதறி, சில மில்லிமீட்டருக்குள் கூர்மையை இழக்கும். 365 நானோமீட்டரோ தோலின் முதல் மில்லிமீட்டருக்குள்ளேயே பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

அப்படியானால் அகச்சிவப்புக்கு வினைபுரியும் பாலிமரைச் செய்ய வேண்டியதுதானே என்று தோன்றும். சிக்கல் ஆற்றலில் இருக்கிறது. 365 நானோமீட்டர் ஒளித்துகளுக்கு 3.4 எலக்ட்ரான் வோல்ட், 470இல் 2.6, 800இல் 1.55. வேதிப்பிணைப்பை அறுக்கும் தெம்பு உள்ள ஒளி திசுவுக்குள் போகாது, திசுவுக்குள் போகும் ஒளிக்கு அறுக்கும் தெம்பு இல்லை. இந்தத் துறையின் பெரும்பாலான கட்டுரைகள் இந்த முரண்பாட்டைச் சுற்றி வரும் முயற்சிகளே.

ஒரே நேரத்தில் இரண்டு ஒளித்துகள்களை ஒரு மூலக்கூறு விழுங்கலாம் என்பதை மரியா கெப்பர்ட்-மேயர் 1931லேயே கோட்பாடாகக் காட்டினார். ஆனால் அதற்கு அதிவேகத் துடிப்பு லேசரும் நுண்ணிய குவியமும் வேண்டும். ஆய்வுக்கூடத்தில் ஜெல்லைச் செதுக்க அருமையான வழி, சிதறடிக்கும் திசுவுக்குள் ஒரு கட்டி முழுவதையும் ஒளியால் எட்டுவதற்குப் பொருந்தாத வழி. இன்னொரு வழி, இட்டெர்பியமும் தூலியமும் கலந்த நுண்துகள்கள். 980 நானோமீட்டரை உறிஞ்சி நீலமாகவும் புற ஊதாவாகவும் திருப்பித் தருகின்றன. இவற்றை ஜெல்லுக்குள் வைத்து அகச்சிவப்பில் ஜெல்லைக் கரைக்கலாம் என்று நீல் பிராண்டாவும் யூ ஷாவோவும் 2012இல் காட்டியபோது பெரும் உற்சாகம் எழுந்தது, நியாயமான உற்சாகம்தான்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். இந்தத் துகள்களின் மாற்றுத்திறன் வழக்கமாக 1 சதவீதத்தை ஒட்டியோ அதற்கும் கீழேயோ இருக்கும். ஒளி பலவீனமானால் திறன் இன்னும் வேகமாகச் சரியும், ஏனென்றால் ஒரு நீல ஒளித்துகளுக்குப் பல அகச்சிவப்புத் துகள்கள் தேவை. தோலுக்கான அமெரிக்க லேசர் பாதுகாப்பு வரம்பு 980 நானோமீட்டரில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 0.73 வாட், 808இல் சுமார் 0.33 வாட். 980இல் தண்ணீரும் உறிஞ்சுவதால் திசு சூடாகும். தோல் சுடாத அளவுக்கு ஒளியைக் கட்டுப்படுத்தி, அது ஒரு சென்டிமீட்டர் கடந்து, அதில் நூற்றில் ஒரு பங்கு நீலமாகி, பிணைப்பை அறுத்து, சிகிச்சைக்குப் போதுமான மருந்தை வெளியேற்ற வேண்டும். பல கட்டுரைகளில் வரம்புக்கு மேற்பட்ட தீவிரத்தில்தான் முடிவு கிடைத்திருக்கிறது. கட்டுரையைத் திறந்ததும் தலைப்பைவிட முன்னதாக நான் தேடுவது வாட் எண்ணைத்தான், நீங்களும் அந்தப் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

அசோபென்சீனுக்கும் இதே கதி. நீண்டிருக்கும் ட்ரான்ஸ் வடிவம் புற ஊதா பட்டால் மடங்கி சிஸ் ஆகும், நீல ஒளியிலோ இருட்டிலோ மறுபடி நிமிரும். சிஸ் வடிவத்தை 1937இல் ஹார்ட்லி தெரிவித்தார். மடங்கும்போது மூலக்கூறின் முனைகளுக்கு இடையிலான தூரம் 9 ஆங்ஸ்ட்ராமிலிருந்து 5.5க்குக் குறையும். பாலிமரில் ஆயிரக்கணக்கில் கோத்துவைத்தால் அந்தச் சிறு அசைவே வளைவாக, சுருக்கமாக வெளியே தெரியும். பார்ப்பதற்கு அவ்வளவு அழகு, கட்டுரைகள் பெருகியதில் வியப்பே இல்லை. டொரண்டோவில் ஆண்ட்ரூ வூலி போன்றவர்கள் பென்சீன் வளையத்தில் பக்கக் குழுக்களைப் பொருத்தி, பச்சை, சிவப்பு ஒளியிலும் மடங்கும் வகைகளைச் செய்திருக்கிறார்கள். அது சரியான திசை. ஆயினும் அசோ பிணைப்பை உடலின் நொதிகளும் குடல் கிருமிகளும் அறுத்து அரோமேட்டிக் அமீன்களாக்கக்கூடும், அவற்றில் சில புற்றுநோய் உண்டாக்குபவை. நச்சியல் சோதனையைக் கடைசி ஆண்டுக்குத் தள்ளிவைக்காதீர்கள்.

ஒளியால் மடங்கும் மூலக்கூறு மருத்துவத்துக்கே புதிது என்று எண்ணிவிட வேண்டாம். பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை என்றால் நீல விளக்கின் கீழ் வைக்கிறார்களே, அங்கே நடப்பதும் இதே வேதியியல். தோலடியில் இருக்கும் பிலிரூபின் மூலக்கூறின் ஓர் இரட்டைப் பிணைப்பு ஒளியால் திரும்புகிறது, உட்பிணைப்புகள் விடுபட்டு அது நீரில் கரையக்கூடியதாகி வெளியேறுகிறது. இங்கிலாந்தின் ராச்ஃபோர்ட் மருத்துவமனையில், வெயிலில் கிடத்திய குழந்தையின் மஞ்சள் வெளுத்ததை 1956இல் செவிலியர் ஜீன் வார்ட் கவனித்தார். அங்கிருந்து கிளைத்த சிகிச்சையை ரிச்சர்ட் கிரீமர் குழு 1958இல் வெளியிட்டது. நீல ஒளி எட்டும் ஆழத்திலேயே இலக்கு இருந்ததால் அது வென்றது.

ஆழத்துக்குப் போயே ஆக வேண்டுமென்றால் எனக்கு நம்பிக்கை தரும் வழிகள் இரண்டு. ஒன்று வெப்பம். பிணைப்பை அறுக்காமல் சூடாக்க மட்டும் 800 நானோமீட்டர் ஒளித்துகளே போதும். பாலி-என்-ஐசோபுரோப்பைல் அக்ரிலமைடு சுமார் 32 டிகிரி செல்சியஸில் நீரை உதறிச் சுருங்கும். கொஞ்சம் அக்ரிலமைடு சேர்த்து அந்த வெப்பநிலையை உடல் வெப்பத்துக்கு மேலே நகர்த்தி, அகச்சிவப்பை உறிஞ்சும் தங்க நுண்கூடுகளைக் கலந்து, ஒளி பட்டால் மருந்தைப் பிழியும் ஜெல்லை ரைஸ் பல்கலைக்கழகத்தில் 2000ஆம் ஆண்டிலேயே செய்துகாட்டினார்கள். சூடு பக்கத்துத் திசுவுக்கும் பரவும் என்பது இதன் குறை.

மற்றொன்று, ஒளியைத் திசு வழியாகத் தள்ளாமல் குழாய் வைத்துக் கொண்டுபோவது. ஹார்வர்டில் சியோக்-ஹியுன் யுன் குழு, ஹைட்ரோஜெல்லாலேயே ஒளியிழை செய்து எலிக்குள் பதித்து, அதன் வழியே செல்களுக்கு ஒளி அனுப்பி 2013இல் வெளியிட்டது. பாலிமரே ஒளிக்குப் பாதை ஆகிறது. புதிய ஒளிவினை மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் கவனத்தில் பாதியாவது இதற்குக் கிடைக்க வேண்டும் என்பது என் கருத்து.

விழித்திரைக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒளியை மின்னூட்டமாக்கும் பி3எச்டி என்ற கடத்தும் பாலிமர், பார்வை இழந்த விழித்திரையின் நரம்புகளைத் தூண்டுமா என்ற கேள்வியில் பெங்களூரு ஜவகர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் கே.எஸ். நாராயண் குழு முக்கியமான வேலை செய்திருக்கிறது. ஒளியுணர் செல்கள் முதிராத கோழிக்கருவின் விழித்திரையை அந்தப் பாலிமர் படலத்தின் மேல் வைத்து, ஒளிக்கு நரம்புத் துடிப்புகள் கிடைத்ததை 2014இல் காட்டினார்கள். இத்தாலியில் குலியெல்மோ லன்சானி, ஃபாபியோ பென்ஃபெனாட்டி ஆகியோரின் குழுக்கள் 2017இல் பார்வை குன்றிய எலிகளில் அதே பாலிமர் படலத்தையும், 2020இல் ஊசி வழியே செலுத்தும் நுண்துகள்களையும் சோதித்தன. மனிதர்களிடம் வர இன்னும் பல படிகள் இருக்கின்றன. ஒளி இயல்பாகவே போய்ச் சேரும் இடம் என்பதால், ஆழத்தில் மருந்து விடும் திட்டங்களைவிட இதன்மேல் எனக்கு நம்பிக்கை அதிகம்.

ஆகவே, துறையை எடுங்கள். மூலக்கூறைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதற்கு நோயைத் தேடும் வழியில் மட்டும் போகாதீர்கள். முதலில் உடலின் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே எந்த அலைநீளம், எத்தனை மில்லிவாட், எத்தனை நிமிடம் பாதுகாப்பாகக் கிடைக்கும் என்று எழுதுங்கள், பிறகு வேதியியலுக்கு வாருங்கள். ஒளியளவியைக் கடன் வாங்கியாவது, மாதிரி இருக்கும் அதே தூரத்தில் தீவிரத்தை நீங்களே அளந்து பதிவு செய்யுங்கள். விளக்கின் பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்ப வேண்டாம். ஒளி மட்டும், துவக்கி மட்டும், இரண்டும் இல்லாமல் என்று கட்டுப்பாட்டுச் சோதனைகள் மூன்றையும் தவறாமல் வையுங்கள். செல்கள் இறந்தது ஒளியாலா, ராடிக்கலாலா, சூட்டாலா என்று தேர்வாளர் கேட்கும்போது பதில் வேண்டும்.

வழிகாட்டியைத் தேடும்போது, பல் மருத்துவக் கல்லூரியோடோ கண் மருத்துவமனையோடோ சேர்ந்து வேலை செய்யும் குழுவைப் பாருங்கள். தீராத கேள்விகள் அங்கே வரிசையில் நிற்கின்றன. சுருங்காமல் இறுகும் காம்போசிட் இன்னும் வரவில்லை. ஈரமான திசுவில் நீல ஒளியிலேயே சில விநாடிகளில் ஒட்டி, வேலை முடிந்ததும் தீங்கில்லாமல் கரையும் பசை வேண்டும். 400 மைக்ரானுக்கும் கீழே மெலிந்துவிட்ட கருவிழியோடு வரும் நோயாளிக்கு, எண்டோதீலியத்தைத் தொடாமல் கொலாஜெனை மட்டும் பிணைக்கும் ஒளித்துவக்கி ஒன்று தேவைப்படுகிறது. அலைநீளம், ஆழம், ஆக்சிஜன் மூன்றும் முன்கூட்டியே தெரிந்த கணக்கு அது. முனைவர் பட்டத்துக்கு நான் பரிந்துரைப்பது அந்தக் கடைசிக் கேள்வியைத்தான்.